ஹேமலதா பெயர் வந்த பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வெள்ளைப் புடவை வராது. கொலுசுச் சத்தம் கேட்காது. மல்லிகைப்பூ வாசனை அடிக்காது. அதையெல்லாம் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கு நடந்ததில் இருந்தவை ஒரு கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், என் சொந்த வெப்சைட். அவ்வளவுதான். நடந்த நாள் 2002 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, தை அமாவாசை. நேரத்தைக்கூட நிமிடக் கணக்கில் சொல்வேன். மறக்க முடிந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

என் பெயர் சக்கரவர்த்தி. பெயர்தான் அப்படி. நான் ஆண்டதெல்லாம் ஆரணியில் மாணிக்கவேல் முதலாளியின் பட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த எட்டடிக்கு எட்டடி அறையைத்தான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அப்போது ஊருக்குள் டிசைன் வேலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதுசு. அதனால் என்னைப் பெரிய மேதாவி என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

உண்மையான மேதாவி பக்கத்து மேஜையில் இருந்தார். ஹேமலதா. எனக்கு ஹேமா அக்கா. வயது முப்பத்தொன்று. பட்டுப் புடவையின் பார்டரும் முந்தானையும் முதலில் கட்டம் போட்ட கிராப் பேப்பரில்தான் உருவாகும். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. அந்தக் கட்டங்களுக்கு வண்ணம் நிரப்பி டிசைன் வரைவது அக்காவின் வேலை. அதை ஸ்கேன் செய்து பிசிறு நீக்குவது என் வேலை. அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவது துரை அண்ணன் வேலை. அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் டிசைன் புடவையில் இறங்கும்.

தீபாவளிக்கான டிசைனை ஆடி மாதமே முடித்துவிடுவோம். முதல் புடவையை அம்மன் முன்னால் வைத்துப் பூஜை போடும்வரை வெளியாள் கண்ணில் காட்டக் கூடாது. முதலாளி வீட்டு வழக்கம் அது. கிராப் பேப்பர் பீரோவில் பூட்டியிருக்கும். 2001-இல் அப்படிப் பூட்டி வைத்தது ஹேமா அக்கா வரைந்த புங்கம்பூ பார்டர். கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள், நடுநடுவே உதிர்ந்த பூக்கள். உதிர்ந்த பூவை யாராவது பார்டரில் வைப்பார்களா? அக்கா வைத்தார். முதலாளியே அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் வைத்துப் பார்த்தார்.

அந்த வருஷம்தான் எனக்கு வெப்சைட் பைத்தியம் பிடித்தது. ஒரு புத்தகத்தைப் பார்த்து, நோட்பேடில் ஒவ்வொரு வரியாக அடித்து, இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஏற்றினேன். மொத்தம் பதினொரு பக்கங்கள். என்னைப் பற்றி ஒன்று, என் ஊரைப் பற்றி ஒன்று. அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர். வருகிறவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு கெஸ்ட் புக். தமிழ் எழுத்து அப்போது எல்லாக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. அதனால் எல்லாமே ஆங்கில எழுத்துத்தான்.

கவுண்டரில் பதினெட்டு காட்டியது. அதில் பத்து நானே பார்த்தது.

வெறும் பக்கமாக இருக்கிறதே என்று புங்கம்பூ பார்டரை 'என் வேலைகள்' என்ற பக்கத்தில் போட்டேன். நான் விலாசம் கொடுத்த ஏழெட்டுப் பேர்தானே பார்ப்பார்கள் என்று நினைத்தேன். பீரோவில் பூட்டி வைத்ததை உலகத்துக்கே விரித்துக் காட்டுகிறோம் என்பது மண்டையில் ஏறவில்லை. இரண்டு நாளில் கெஸ்ட் புக்கில் யாரோ ஒருவன், 'பார்டர் அருமை, முழு கிராப்பும் போடுங்கள்' என்று எழுதியிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. முழு கிராப்பையும் போட்டேன்.

மூன்றே வாரம். அதே புங்கம்பூ, அதே உதிர்ந்த பூ, வெளியூர் விசைத்தறியில் நெய்த மலிவுப் புடவையில் வந்துவிட்டது. எங்கள் புடவை இன்னும் பூஜைக்கே போகவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கிராப்பு இன்னும் துரை கைக்கே போவல, ஒங்க ரெண்டு பேரு கையிலதான் இருந்துது. நீ யாருக்குனா காட்டினியா?"

"இல்லீங்க."

"பின்ன எப்பிடிடா போச்சு?"

"அக்கா வீட்டுக்குப் பேப்பரு எடுத்துகினு போவாங்க."

அது பொய் இல்லை. கழித்துப் போட்ட பேப்பர்களை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போவார், பின்பக்கத்தில் வரைந்து பார்க்க. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொன்னவன் பாவி. நான்தான் அந்தப் பாவி.

தறிக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அக்காவைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்பினார் முதலாளி. அக்கா அழவில்லை. என் மேஜைக்கு வந்தார்.

"சக்கரவர்த்தி, எனக்காவ ஒண்ணும் சொல்ல வேணாம். நடந்தது என்னான்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

"சொல்றேங்க்கா."

சொல்லவில்லை. அன்றைக்கே அந்தப் பக்கத்தை அழித்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆரணியில் அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. படவேட்டில் அம்மா வீட்டுக்குப் போனார். நவம்பரில் மஞ்சள் காமாலை என்றார்கள். தீபாவளி முடிந்த ஒன்பதாம் நாள் செத்துப்போனார். நான் சாவுக்குப் போகவில்லை.

இனி அந்த அமாவாசைக்கு வருகிறேன்.

பெங்களூரில் ஒரு டிசைன் கம்பெனி ஆள் எடுத்தது. 'உங்கள் வேலைகளை உங்கள் வெப்சைட்டில் போட்டு, 12-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் விலாசம் அனுப்பவும்' என்று ஈமெயில் வந்திருந்தது. அந்த வேலை கிடைத்தால் ஊரை விட்டே போய்விடலாம். எனக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால் அக்கா போன பிறகு என்னை அவர் நாற்காலியில்தான் உட்கார வைத்திருந்தார்கள். ஆறு மாதமாக அவருடைய பழைய டிசைன்களையே மாற்றிப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் என் வேலைகள் என்று எதைப் போடுவது? எனக்குப் பிசிறு நீக்கத்தான் தெரியும். ஒரு பூகூட வரையத் தெரியாது. அக்கா வரைந்ததில் ஆறு டிசைனை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே 'வடிவமைப்பு: சக்கரவர்த்தி' என்று அடித்தேன். செத்தவர் வந்து கேட்கப் போகிறாரா?

அமாவாசை அன்று ஆரணியில் தறி ஓடாது. கடையும் லீவு. முதலாளி குடும்பத்தோடு திதி கொடுக்கப் போய்விட்டார். துரை அண்ணன் களம்பூரில் மாமியார் வீட்டில். மற்ற நாளில் கடை போன் ஓயாமல் அடிக்கும், இன்டர்நெட் பிடிக்க முடியாது. அன்று லைன் சும்மா கிடந்தது. சாவியை வாங்கி வைத்திருந்தேன்.

மதியம் 3.10. மோடம் கீச்சுக் கீச்சென்று கத்திவிட்டு லைன் கிடைத்தது. ஃபைல்களை ஏற்றினேன்.

3.22. பெங்களூருக்கு விலாசம் அனுப்பினேன். பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். அவசரக்குடுக்கை. அனுப்பிவிட்டுத்தான் திறந்தேன்.

படங்கள் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கின. முதல் படம் வந்தது. அதன் கீழே பெயர் வந்தது.

'வடிவமைப்பு: ஹேமலதா.'

ஆறு படங்களுக்குக் கீழேயும் அதே பெயர்.

பழக்க தோஷத்தில் நானே அடித்துவிட்டேனோ? என் ஃபைலைத் திறந்தேன். சக்கரவர்த்தி என்றுதான் இருந்தது. திரும்ப ஏற்றினேன். திரும்பத் திறந்தேன். ஹேமலதா. கம்ப்யூட்டர் சேமித்து வைத்த பழைய நகலைக் காட்டுகிறதோ என்று அதையும் சுத்தமாக அழித்துவிட்டுப் பார்த்தேன். ஹேமலதா.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். என்னுடையது தானாக மாறுகிற வெப்சைட் இல்லை. சுவரில் ஒட்டின நோட்டீஸ் மாதிரி. நான் இங்கே மாற்றி ஏற்றினால்தான் அங்கே ஒரு எழுத்து மாறும். பாஸ்வேர்டு என் ஒருவனுக்குத்தான் தெரியும். பெங்களூர்க்காரர்கள் எந்த நிமிஷமும் திறப்பார்கள்.

3.41. பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

டக்.

அட்டை குத்தும் மெஷின் சத்தம். வருஷக்கணக்காகக் கேட்டது, தப்பாது. ஆனால் அந்த அறை பூட்டியிருந்தது. சாவி களம்பூரில் துரை அண்ணன் இடுப்பில்.

எலியாக இருக்கும் என்று சத்தமாகச் சொன்னேன். என் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

டக்.

அப்போதுதான் கவுண்டரைப் பார்த்தேன். கடைசியாக நான் திறந்தபோது முப்பத்தெட்டில் இருந்தது, இப்போது நாற்பதில் இருந்தது.

டக். நாற்பத்தொன்று.

டக். நாற்பத்திரண்டு.

நான் மவுஸைத் தொடவில்லை. பக்கத்தைத் திரும்பத் திறந்தால்தான் அந்த எண் மாறும். நான் திறக்கவில்லை. அது மாறியது.

4.30. கெஸ்ட் புக்கில் புதுசாக ஒன்று இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'போடு. உன் பேரப் போடு.'

யாரோ விளையாடுகிறார்கள். பிரவுசிங் சென்டர் பசங்க. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே பக்கத்தைத் திரும்பத் திறந்தேன்.

'எத்தினி தபா போட்டாலும் நான் எடுப்பேன்.'

அதன் பக்கத்தில் எழுதிய நேரம் இருந்தது. 6.40.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 4.35தான்.

எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சர்வரில் இருந்த பதினொரு பக்கங்களையும் படங்களையும் ஒன்று விடாமல் அழித்தேன். பட்டியல் காலி. ஒரு ஃபைலும் இல்லை.

வெப்சைட்டைத் திறந்தேன்.

இருந்தது. ஆறு படங்கள். ஆறு பெயர்கள்.

5.20. டெலிபோன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கையில் வைத்துக்கொண்டேன்.

டக். தொண்ணூற்று நான்கு.

டக். தொண்ணூற்றைந்து.

வெளியே பார்த்தேன். தெருவில் ஆள் இல்லை. தறிச் சத்தமே இல்லாத ஊர்... அப்படி ஓர் அமைதி. இந்த ஒரு சத்தம் மட்டும்.

5.48. பக்கத்தின் அடியில் ஏழாவது படம் வந்தது. நான் ஏற்றாத படம்.

வெறும் கிராப். கட்டங்கள் மட்டும். ஒரு டக்குக்கு ஒரு வரிசைக் கட்டம் நிறைந்தது. கீழே இருந்து மேலே. தறியில் புடவை வளர்வதுபோல.

நாற்காலிக் கால்.

நாற்காலி.

அதில் ஒரு ஆள்.

ஓட வேண்டும் என்று தெரிகிறது. எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை.

6.25. சட்டை வந்தது. கட்டம் போட்ட சட்டை.

நான் போட்டிருந்த சட்டை.

டக்... டக்... டக்...

கழுத்து. தாடை. கண். என் முகம்தான். அக்கா கைதான். அந்த வளைவை வேறு யாராலும் கட்டத்தில் கொண்டுவர முடியாது.

சத்தம் நின்றது.

6.38.

அறையில் கிராப் பேப்பரை மெல்லத் தடவுகிற சத்தம்... ரப்பர் வைத்து அழிக்கிற சத்தம்...

என் காதுக்குப் பக்கத்தில்.

திரையில் அந்த முகத்தில்... வாய் இருந்த இடத்தில்... ஒரு கட்டம் மறைந்தது.

இன்னொன்று.

இன்னொன்று.

6.40.

வாய் இல்லை.

நான் கத்தினேன்.

காற்றுத்தான் வந்தது.

எப்படி எழுந்தேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. வாசலிலேயே விழுந்தேனாம். நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் கிடந்தேன். பாதி நாள் நினைவே இல்லை. நினைவு இருந்த நேரத்திலும் குரல் வரவில்லை. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

பார்க்க வந்த துரை அண்ணன் கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒன்று கேட்டார். "அமாவாசை அன்னிக்கு என் ரூமுக்கு யாருப்பா போனது? பூட்டு போட்டது போட்டபடி கீது. தரை பூரா குத்தி விழுந்த அட்டைப் பொட்டு. குத்தின அட்டை ஒண்ணுகூட காணோம். ஒரே பேஜாரா கீதுப்பா."

பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிப்ரவரி 25, திங்கட்கிழமை. காலை 10.15. கடைக்குப் போனேன். முதலாளி கையில் ஒரு கடிதம் இருந்தது. பெங்களூர்க் கம்பெனியிலிருந்து. கடை விலாசம் போட்டு வந்ததால் அவரே பிரித்துவிட்டார்.

"படிடா இத."

வேலை நியமனக் கடிதம். 'திருமதி ஹேமலதா அவர்களுக்கு' என்று இருந்தது. 'உங்கள் வெப்சைட்டைப் பார்த்தோம். 18-ஆம் தேதி நேரில் வந்து எங்கள் முன்னால் நீங்கள் வரைந்து காட்டிய பார்டர் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மார்ச் முதல் தேதி வேலையில் சேரவும்.' கூடவே அந்தப் பார்டரின் நகல்.

நானும் முதலாளியும் அதுவரை பார்த்தே இராத டிசைன். ஆனால் பார்த்தவுடனே தெரிந்தது. நடுநடுவே உதிர்ந்த பூக்கள்.

"அந்தப் பொண்ணு செத்து மூணு மாசம் ஆவுது. யாருடா போனது பெங்களூருக்கு? என்னாடா செஞ்ச நீ?"

பதிமூன்று நாளாக வராத குரல் அப்போது வந்தது.

"நான்தாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வெப்சைட், கெஸ்ட் புக், முழு கிராப், அன்றைக்கு அக்காவைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அழுதுகொண்டே சொன்னேன். தறிக்கூடத்தில் ஒவ்வொரு தறியாக நின்றது. எல்லோரும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். முதலாளி என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"அநியாயமா ஒரு பொண்ண திருடின்னு சொல்லிட்டேனேடா..." என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து பெங்களூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர் இல்லாத போன். அவர் பேசியது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

"ஆமாங்க, ஆரணி... எப்பிடி இருந்தாங்க பார்க்க?... ஒல்லியா?... அப்படீங்களா... கூடவா? கூட யாருங்க?"

அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க. பேச வரும். நல்லாவே பேசுவான்."

போனை வைத்தார்.

"கூட ஒரு பையன் வந்தானாம். அந்தம்மா பையையும் வரையற பலகையையும் தூக்கிகினு பின்னாலயே நின்னானாம். என்னா கேட்டாலும் பதிலே இல்லியாம். அவனுக்கு வாய் பேச வராதான்னு கேக்கறாங்க."

18-ஆம் தேதி, அந்தத் திங்கட்கிழமை, நான் ஆரணி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. என் அம்மா காலையிலிருந்து இரவுவரை கட்டிலை விட்டு நகரவில்லை. அன்று பதினொரு மணிக்கு மேல் என் உடம்பு சில்லிட்டுப்போய், நாடி கிடைக்காமல் நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்ததை அம்மா பிறகுதான் சொன்னார்.

முதலாளிக்கு மனசு ஆறவில்லை. வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டின் அந்தப் பக்கத்தை அனுப்பச் சொல்லித் திரும்பவும் கேட்டார். 12.50-க்கு ஃபேக்ஸ் வந்தது. அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

18.2.2002. இரண்டு பெயர்கள். முதல் வரியில் ஹேமலதா, ஆரணி. அடுத்த வரியில் சக்கரவர்த்தி, ஆரணி. கீழே கையெழுத்து. என் கையெழுத்துத்தான். பேங்கில் காட்டினால் பணம் கொடுத்துவிடுவார்கள், அவ்வளவு பொருத்தம்.

உள்ளே வந்த நேரம் இருவருக்கும் 11.05.

வெளியே போன நேரம் அக்காவுக்கு 12.30.

எனக்கு நேரே அந்த இடம் காலியாக இருக்கிறது.